கிறீச், கடகட: பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குள் ஒரு நூறு வருஷக் கதை

இன்னைக்கு எபிசோட் ஒரு சத்தத்தைப் பத்தி. இன்ஜின் சத்தம், சைலன்சர் சத்தம் எல்லாம் இன்னொரு நாள் பேசலாம். நான் சொல்றது டேஷ்போர்டுக்குள்ள எங்கேயோ ஒளிஞ்சுக்கிட்டு "கிறீச்"னு கத்துற அந்தச் சின்ன சத்தம். கண்ணாடியை இறக்கினா நிக்கும், ஏத்தினா வரும். மெக்கானிக் பக்கத்துல உக்காந்தா மட்டும் வரவே வராது.

மெல்போர்ன்ல என் ஃப்ரெண்ட் ஒருத்தன் 1990 மாடல் மஸ்டா எம்எக்ஸ்-5 வெச்சிருக்கான். ரெண்டே சீட்டு, மடக்கற துணிக் கூரை. போன வருஷம் நான் அங்க போனப்ப, "மச்சி, வித்துடலாம்னு இருக்கேன்டா. உள்ள ஒரே லொடலொட. கார் மொத்தமா லூசாயிடுச்சு"ன்னு சொன்னான். அதுவரைக்கும் அவன் பார்த்த ஒரே வைத்தியம், பாட்டு சத்தத்தைக் கூட்டி வெச்சது. எனக்கு அந்த "லூசாயிடுச்சு"ங்குற வார்த்தை உறுத்திச்சு. அது உண்மையான்னு தேடப் போய், கடைசியில 1920-கள்ல பாரிஸ்ல இருந்த ஒரு விமானிகிட்ட போய் நின்னேன்.

அவர் பேர் சார்லஸ் வெய்மன். 1889-ல் ஹைட்டி நாட்டின் போர்ட்-ஓ-பிரின்ஸில் பிறந்தவர். அப்பா அமெரிக்கர், அம்மா ஹைட்டிக்காரர். 1911-ல் இங்கிலாந்தில் நடந்த கார்டன் பென்னட் விமானப் பந்தயத்தில் ஜெயித்தவர். சரி, விமானிக்கும் கார் கதவு சத்தத்துக்கும் என்ன சம்பந்தம்?

அந்தக் காலத்து கார் பாடியோட எலும்புக்கூடு மரம். பெரும்பாலும் ஆஷ் மரம். தச்சர்கள் சட்டங்களை ஒன்றுக்குள் ஒன்று செருகி, பசை போட்டு, ஸ்க்ரூ முடுக்கி, மேலே உலோகத் தகடு அடிப்பார்கள். கீழே இருக்கும் சேஸிஸ் ஒவ்வொரு பள்ளத்திலும் முறுக்கிக்கொள்ளும். மேலே இருக்கும் மரக்கூடு அதோடு சேர்ந்து முறுக முடியாமல் மூட்டுக்கு மூட்டு உரசும். பழைய மரக்கட்டில்ல புரண்டு படுத்தா வருமே, அதே சத்தம்தான். இதுக்கு அன்னைக்கு எல்லாரும் யோசிச்ச வழி ஒண்ணுதான்: இன்னும் இறுக்கு, இன்னும் பலமாக்கு. வண்டி கனமாச்சு, சத்தம் திரும்ப வந்துச்சு.

வெய்மன் அந்தக் கால விமானங்களை ஓட்டியவர். மரச்சட்டம், மேலே துணி. காற்றில் வளைந்து கொடுப்பதுதான் அதன் வேலை. அவர் கார் பாடியையும் அப்படியே யோசித்தார். மரத்தை மரம் தொடவே கூடாது. இரண்டு சட்டங்கள் சந்திக்கும் இடத்தில் ஒரு சின்ன இடைவெளி விட்டு, மெல்லிய எஃகுத் தகடுகளால் மட்டும் அவற்றை இணைத்தார். மேலே தகரத்துக்குப் பதிலாக, பஞ்சு வைத்துத் தைத்த தோல் மாதிரியான துணி. சீட்டுகளை பாடியில் மாட்டாமல் நேராக சேஸிஸில் மாட்டினார். உக்காந்திருக்குறவங்க எடை மரக்கூட்டை ஆட்டக் கூடாதுங்குறதுக்காக.

யோசிச்சுப் பாருங்க, அவர் அசைவை நிறுத்தவே முயற்சி பண்ணலை. அசையட்டும், ஆனா உரசாம அசையட்டும்னு விட்டுட்டார். எனக்கு இந்த முழுக் கதையிலயும் ரொம்பப் பிடிச்ச இடம் இது.

அது பெரிய ஹிட். பாரிஸைத் தொடர்ந்து லண்டன் பக்கத்தில் ஆடில்ஸ்டோன், அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் என்று கம்பெனி பரவியது. பென்ட்லி, ஸ்டட்ஸ் மாதிரி வேகமான கார்களின் மேல் வெய்மன் முறை பாடிகள் ஏறின. எடை குறைவு, சத்தம் குறைவு. ஆனா துணி பழசானா அசிங்கமா இருக்கும், பளபளக்காது. 1920-களின் நடுவில் சீக்கிரம் காயும் பளபளப்பான செல்லுலோஸ் பெயின்ட் வந்தது. எட்வர்ட் பட் என்ற அமெரிக்கரின் முறையில் முழு எஃகு பாடிகளைத் தொழிற்சாலையில் அச்சடித்துத் தள்ளினார்கள். 1930-களின் தொடக்கத்திலேயே துணி பாடி ஃபேஷன் முடிஞ்சு போச்சு.

நஷ்டத்தில் மூழ்கிய பென்ட்லியை 1931-ல் ரோல்ஸ்-ராய்ஸ் வாங்கியது. 1933-ல் வந்த புது பென்ட்லியை அவர்கள் விளம்பரப்படுத்தியது எப்படித் தெரியுமா? சத்தமில்லாத ஸ்போர்ட்ஸ் கார் என்று. அந்த ரெண்டு வார்த்தையும் அன்னைக்கு ஒண்ணா சேராது, அதனாலதான் அது விளம்பரம்.

எஃகு வந்ததும் மரத்தோட கிறீச் போச்சு. அப்புறம் பிளாஸ்டிக் வந்துச்சு. இங்கதான் என் ஃப்ரெண்டோட கார் கதைக்குள்ள வருது.

எம்எக்ஸ்-5 முதன்முதலில் 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் வந்தது. 1960-களின் லோட்டஸ் எலான் மாதிரியான பிரிட்டிஷ் திறந்த கார்கள்தான் அதற்கு முன்மாதிரி. எடை ஒரு டன்னுக்கும் குறைவு. கூரை கிடையாது. ஒரு செருப்புப் பெட்டியை மூடியோடு முறுக்கிப் பாருங்க, முறுகாது. மூடியை எடுத்துட்டு முறுக்குங்க. திறந்த கார் ஒவ்வொரு பள்ளத்திலும் அப்படித்தான் கொஞ்சம் முறுகும். பின்னால் வந்த மாடல்களில் அடியில் கூடுதல் பட்டைகள் போட்டது இதற்காகத்தான்.

அப்போ புதுசுல ஏன் சத்தம் வரலை? பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும் சந்திக்குற இடத்துல ஃபோம் துண்டு ஒட்டியிருப்பாங்க. கதவைச் சுத்தி மெத்துன்னு ரப்பர். கண்ணாடி ஓடுற பள்ளத்துல வெல்வெட் மாதிரி லைனிங். முப்பது வருஷத்துல ஃபோம் தொட்டா பொடியா உதிரும், ரப்பர் கல்லு மாதிரி ஆயிடும். கார் பெரும்பாலும் முதல் நாள் அசைஞ்ச மாதிரியேதான் அசையுது. நடுவுல இருந்த மெத்தைதான் செத்துப் போச்சு.

கிறீச் வேற, கடகட வேற, இதை முதல்ல பிரிச்சுக் கேக்கணும். ரெண்டு பரப்பு ஒட்டி, விட்டு, மறுபடி ஒட்டி நகர்ந்தா கிறீச். வயலின் வில் தந்தியில பண்றதும் இதுதான். ஒண்ணு இன்னொண்ணை இடிச்சா கடகட. ரப்பர் கிறீச்சுக்கு சிலிகான் கிரீஸ் லேசா தடவினா போதும், பெட்ரோலிய எண்ணெய் போட்டா ரப்பர் ஊதிடும். பிளாஸ்டிக் ஓரங்களுக்கு வயர் சுத்துற துணி டேப். கடகடக்கு ஃபெல்ட், இல்லன்னா உடைஞ்ச கிளிப்பை மாத்தணும். கையில கிடைச்ச பஞ்சையெல்லாம் டேஷ்போர்டுக்குள்ள திணிக்காதீங்க. தண்ணியை உறிஞ்சி வெச்சுக்கிட்டு தகரத்தைத் துருப்பிடிக்க வைக்கும்.

நாங்க ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க இதே வேலையா இருந்தோம். அவன் ஓட்ட, நான் பாட்டை அணைச்சுட்டு ஒவ்வொரு இடமா கையால அழுத்திப் பிடிச்சுக்கிட்டே வந்தேன். அழுத்தினா சத்தம் நிக்குற இடம்தான் குற்றவாளி. துணிக்கூரையை முன்கண்ணாடியோட பூட்டுற கொக்கி ஒண்ணு. ஜன்னல் கண்ணாடி ஒண்ணு. டிக்கியில ஜாக்கி. மூணுக்கும் சேர்த்து ஒரு ஃபெல்ட் டேப் சுருள் கூட முழுசா செலவாகலை.

நாலாவது, டிரைவர் சீட்டுக்கு அடியில ஒரு மெல்லிய "டொக்". மத்த மூணும் அடங்கின பிறகுதான் அது காதுலயே விழுந்துச்சு. சீட் தண்டவாளத்தைத் தரையோட பிடிக்குற போல்ட் ஒண்ணு கையாலயே திருகுற அளவுக்குக் கழண்டிருந்துச்சு. அவன் சொன்னதுல நிஜமாவே லூசா இருந்தது அது ஒண்ணுதான். எத்தனை மாசமா அந்த சீட்ல உக்காந்து, பாட்டைக் கூட்டி வெச்சுக்கிட்டு ஹைவேயில நூறுல போயிட்டிருந்தானோ. ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் எதுவும் பேசலை. அப்புறம் டார்க் ரெஞ்ச் வாங்கக் கடைக்குப் போனோம்.

காரை அவன் இன்னும் விக்கலை. 2017-ல் மஸ்டா ஜப்பானில் அந்த முதல் தலைமுறைக் காருக்குப் பழுதுபார்க்கும் திட்டத்தையும், துணிக்கூரை உட்பட சில பாகங்களைத் திரும்பச் செய்வதையும் அறிவித்தது. இப்ப அந்தக் கூரைக்குக் காசு சேக்குறான். போன வாரம் ஒரு வாய்ஸ் நோட் அனுப்பினான். பேச்சே இல்ல, வெறும் நாற்பது செகண்ட் ரோடு சத்தம். நடுவுல ஒரே ஒரு தடவை "டிக்". கீழ, "இது எங்கடா?"ன்னு கேட்டிருந்தான்.