கான் வெட்டும் கணக்கு: மலையகத் தேயிலை மலைகளில் மண்காப்பின் வரலாறு

கடற்கரையை அலை அரித்தால் ஊரே பார்க்கிறது. கல் கொட்டச் சொல்லி மறியலும் நடக்கிறது. இலங்கை மலையகத்தின் ஹற்றன், தலவாக்கலை, நுவரெலியா மலைகளை மழை அரிப்பதற்கு அப்படிச் சாட்சி இல்லை. ஒவ்வொரு பருவத்திலும் மெல்லிய படையாக மண் போகிறது. பழைய விதைத்தேயிலைச் செடியின் வேர்க்கழுத்து நிலத்துக்கு மேலே துருத்தி நிற்கும்போதுதான் எவ்வளவு போயிற்று என்று தெரிகிறது. இருந்தும், வழி தெரியாமல் மலையகம் தன் மண்ணை இழக்கவில்லை. தெரிந்த வழியைப் பராமரிக்கும் கூலி எந்தக் கணக்கில் விழும் என்பதே நூறாண்டுச் சிக்கல்.

வேர் கோப்பிக் காலத்தில் இருக்கிறது. 1830கள் முதல் காட்டை வெட்டி, எரித்து, செங்குத்துச் சரிவுகளிலும் கோப்பி நட்டார்கள். புல்பூண்டு இல்லாத மலையே நல்ல தோட்டத்துரைக்கு அடையாளம் என்ற எண்ணம் அப்போதே ஊன்றிவிட்டது. சுரண்டியால் புல்லைச் சுரண்டினால் மேல்மண்ணும் சேர்ந்து பெயரும். அடுத்த மழை அதை அள்ளிப்போகும். 1873இல் கியூ தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ஜோசப் ஹூக்கர், 5000 அடிக்கு மேலுள்ள காட்டையாவது விட்டுவைக்கச் சொன்னார். அதற்குள் 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழிக்கத் தொடங்கியிருந்தது. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலை, கோப்பியின் நிலத்தோடு அதன் பழக்கத்தையும் வாங்கிக்கொண்டது.

அரசு இந்த மண் இழப்பை ஆவணமாக ஒப்புக்கொள்ள 1931 ஆனது. அந்த ஆண்டு மண்ணரிப்புக் குழுவின் அறிக்கை வெளிவந்தது. 1951இல் மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தேயிலை ஆராய்ச்சி நிலையமோ 1925இலேயே தொடங்கப்பட்டு, பின்னர் தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்டது. சமமட்டக் கான், கல்கட்டு, நிழல்மரம், மூடுபயிர், தேர்ந்து களையெடுத்தல் எல்லாம் ஏட்டில் ஏறின.

இவற்றுள் கான்தான் உயிர்நாடி. சரிவுக்குக் குறுக்கே, சற்றே சாய்வாக வெட்டிய வாய்க்கால் அது. அதன் அடியில் இடைவிட்டு மண்திட்டுகளை வெட்டாமல் விட்டிருப்பார்கள். ஓடிவரும் நீர் ஒவ்வொரு திட்டிலும் முட்டி நின்று, வண்டலை இறக்கிவிட்டு, மேலால் வழிந்து அடுத்த குழிக்குப் போகும். மழை ஓய்ந்ததும் ஒருவர் மண்வெட்டியோடு இறங்கி, குழியில் தேங்கிய மண்ணை வாரி மேற்பக்கச் செடியடியில் போடவேண்டும். இதைத் தவறவிட்டால் கான் தூர்ந்து, நீர் ஓரிடத்தில் உடைத்துக்கொண்டு பாய்ந்து, ஓடையே அறுத்துவிடும். தூர்ந்த கான் கானே இல்லாத மலையைவிட மோசம் என்பேன்.

சிக்கலும் இங்கேதான். கொழுந்தைத் தராசில் நிறுக்கலாம். ஓடாமல் நின்ற மண்ணை நிறுக்க முடியாது. செலவைக் குறைக்கும்போது கான் வேலைக்குத்தான் முதலில் ஆள் குறையும்.

1950களின் பிற்பகுதியில் மறுநடுகை மானியம் வந்தபோது ஆபத்து வேறு வடிவில் வந்தது. பழைய செடியைப் பிடுங்கியதும் சரிவு வெறுமையாகிறது. அதனால்தான் புதிய செடி நடுமுன் ஏறத்தாழ இரண்டாண்டு கோத்தமாலாப் புல்லோ மானாப் புல்லோ வளர்க்கச் சொன்னார்கள். அந்த இரண்டாண்டும் நிலத்தில் வருமானம் இல்லை. எத்தனை நிர்வாகத்துக்கு அந்தப் பொறுமை இருந்திருக்கும்?

மேலே இழந்ததன் கணக்கு கீழே தெரிந்தது. 1976இல் இயங்கத் தொடங்கிய பொல்கொல்லை அணை, 1988க்குள் கொள்ளளவில் ஏறத்தாழ 44 சதவீதத்தை வண்டலுக்குப் பறிகொடுத்தது. இதில் தேயிலையை மட்டும் குற்றஞ்சாட்டுவது அநியாயம். சரிவுகளின் மரக்கறித் தோட்டங்களுக்கும் பங்குண்டு.

1972, 1975 நிலச்சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. 1992இல் நிர்வாகம் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போனது. எசமான்கள் மாறினாலும் கான் வேலையின் இடம் மாறவில்லை. தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பிள்ளைகள் கொழும்புக்குப் போகப்போக, மண்வெட்டி பிடிக்கும் ஆளும் அருகிவிட்டது.

2014 அக்டோபர் 29 காலை பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவில் லயங்கள் புதைந்தன. அத்தகைய ஆழ்ந்த மண்சரிவும் மேல்மண் அரிப்பும் ஒன்றல்ல. கான் வெட்டியிருந்தால் தப்பியிருக்கலாம் என்பது எளிய பேச்சு. ஆனால் மழைநீரைச் சரிவில் தேங்கவிடாமல் பாதுகாப்பாக வெளியேற்றுவது இரண்டுக்கும் பொது.

இப்போது தேயிலைச் செடிகளைக் குடும்பங்களுக்குப் பகிர்ந்தளித்து, கொழுந்துக்கு விலை கொடுக்கும் முறை பரவுகிறது. கான் சரிவுக்குக் குறுக்கே ஓடுவதால் பல குடும்பங்களின் துண்டுகளைக் கடந்து போகிறது. மேல்துண்டின் மண் கீழ்த்துண்டின் கானில் விழும்போது அதை வாருவது யார், அந்த உழைப்புக்கு நாட்கூலியாகப் பேர் போடுவது யார் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதவேண்டும்; கொழுந்தின் விலையை மட்டும் பேசி முடித்தால் போதாது.