லேபிள் ஊருக்கு வந்த மாயாவி

சிவகாசியில் காமிக்ஸ் பிறந்ததற்கு முதல் காரணம் தீப்பெட்டி. ஐயநாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா போய்த் தொழில் கற்றுவந்து தீப்பெட்டி செய்யத் தொடங்கினார்கள். பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அப்புறம் பட்டாசு, காலண்டர். விவசாயத்தை வஞ்சித்த அதே வறண்ட காற்று மருந்து காயவும் மை காயவும் தோதாக இருந்தது. புலியும் மயிலும் சாமி படங்களும் ராப்பகலாக ஓடிய இயந்திரங்களுக்குப் படக்கதை என்ன பெரிய காரியம்?

1972 ஜனவரியில் அது நடந்தது. சௌந்தரபாண்டியன் பதிப்பாளர், முல்லை தங்கராசன் ஆசிரியர். முத்து காமிக்ஸின் முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. அன்றைக்கு விருதுநகர் மாவட்டம் என்ற ஒன்றே கிடையாது. சிவகாசி இராமநாதபுரம் மாவட்டத்து ஊர்.

மாயாவி லண்டனிலிருந்து வந்தவன். 'வேலியன்ட்' வார இதழில் 1962 அக்டோபரில் தொடங்கிய தொடர் அது. வரைந்தவர் ஸ்பெயின்காரர் ஜீசஸ் பிளாஸ்கோ. ஆய்வக உதவியாளன் ஒருவனுக்கு விபத்தில் வலது கை போய், இரும்புக் கை பொருத்துகிறார்கள். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். அந்தக் காலத்துப் பையன்களில் எத்தனை பேர் பிளக் பாயின்ட்டை ஆசையாகப் பார்த்தார்களோ, நல்லவேளை கணக்கில்லை.

லண்டனில் இந்தக் கதைகள் வாரம் இரண்டு மூன்று பக்கம்தான் வரும். போர்க்கதை, துப்பறியும் கதை, கால்பந்துக் கதை என்று பத்துப் பேரோடு பந்தியில் உட்கார வேண்டும். அமெரிக்காவிலும் அப்படித்தான். 1938-இல் சூப்பர்மேன் தலைகாட்டிய 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' பல நாயகர்களின் கதம்பம். உலகப் போர்க்காலத்தில் அத்தகைய கதம்பங்கள் லட்சக்கணக்கில் விற்றன. போர்வீரர்களும் வாங்கிப் படித்தார்கள். சிவகாசியோ கதம்பத்தைப் பிரித்து, ஒரு நாயகனுக்கு ஒரு முழுப் புத்தகம் என்று தந்தது. அடுத்த வாரத்துக்காகக் காத்திருக்காமல் ஒரே மூச்சில் முடிக்கலாம். தமிழ்ப் பையன்கள் ஒட்டிக்கொண்டதற்கு இதுவும் காரணம் என்பேன்.

அமெரிக்கக் காமிக்ஸின் அந்தப் பொற்காலத்துக்கும் சிவகாசிக்கும் நேரடி உறவே ஒன்று உண்டு. சூப்பர்மேனைப் படைத்த ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் அதன் முழு உரிமையையும் 130 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பிறகு வழக்கு, தோல்வி, வேலையிழப்பு. பிழைப்புக்கு எழுதிய சீகல், அறுபதுகளில் பிரிட்டனின் 'லயன்' வார இதழுக்கு ஸ்பைடர் கதைகளை எழுதினார். 1965-இல் டெட் கோவனும் ஓவியர் ரெக் பன்னும் தொடங்கிவைத்த பாத்திரம் அது. குற்றச் சக்கரவர்த்தியாகத் துடித்தவன், பிறகு குற்றவாளிகளையே வேட்டையாடுகிறான்.

1984 ஜூலையில் சௌந்தரபாண்டியனின் மகன் எஸ். விஜயன் 17 வயதில் தொடங்கிய பத்திரிகையின் பெயரும் லயன். முதல் இதழின் நாயகி மாடஸ்டி பிளைசி. சில இதழ்களிலேயே 'எத்தனுக்கு எத்தன்' என்று ஸ்பைடர் வந்து குதித்தான். விற்பனையைத் தூக்கி நிறுத்தியவன் அவன்தான். சூப்பர்மேனைப் பெற்றவரின் கைச்சரக்கு ஸ்பைடர் கதைகளில் இருப்பது அன்றைய வாசகர்களுக்குத் தெரிய வழியில்லை. அந்தக் காலத்து பிரிட்டிஷ் வார இதழ்களே எழுதியவர் பெயரைப் போடுவதில்லை.

இடையில் தொய்வு. 2012 ஜனவரியில் 'கம்பேக் ஸ்பெஷல்' போட்டு லயன் எழுந்தது. வழவழப்பான தாள், முழு வண்ணம். இப்போது ஐரோப்பியக் கதைகளே அதிகம், இத்தாலிய கௌபாய் நாயகன் டெக்ஸ் வில்லருக்குத்தான் ராஜமரியாதை. ஆனாலும் தலை நரைத்த வாசகர்கள் சென்னைப் புத்தகக் காட்சி ஸ்டாலில் முதலில் கேட்பது மாயாவி மறுபதிப்பைத்தான்.