மெமரி கார்டில் ஏறிய மல்லாரி

கீரப்பாளையம் கடைத்தெருவில் பாட்டுப் பதிந்து கொடுக்கிற கடை வைத்திருந்தேன். எண்பதுகளில் சேத்தியாத்தோப்பு பக்கமிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். நோட்டுத் தாளில் பாட்டு வரிசையை எழுதி, காலி கேசட்டோடு கொடுத்துவிட்டுப் போவார்கள். 60 நிமிஷக் கேசட் என்றால் பக்கத்துக்கு ஆறேழு பாட்டு. பதிந்து முடிக்க ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். செல்போன் வந்த பிறகு அதே ஆட்கள், "அண்ணே, கார்டுல பாட்டு ஏத்திக் குடுங்க" என்று வந்து நின்றார்கள்.

கார்டில் ஏற்றப் பாட்டைச் சுருக்க வேண்டும். ஆனால் பாட்டைச் சுருக்குவது கம்ப்யூட்டர் கொண்டுவந்த பழக்கம் இல்லை. 78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷத்துக்குச் சற்று மேல்தான் அடங்கும். நாகசுரத்தில் மணிக்கணக்கில் தோடி வாசிக்கிற திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையும் தட்டுக்காக அதைச் சில நிமிஷங்களில் முடித்துக் கொடுத்தார். எதை விடலாம், எதை விடக்கூடாது என்று அங்கே முடிவு செய்தது வித்வானின் ஞானம்.

எம்.பி.3-யில் அதைக் கணக்கு முடிவு செய்கிறது. ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில், ஃப்ரான்ஹோஃபர் நிறுவனத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் போன்றவர்கள் உழைத்து உருவாக்கிய முறை இது. 1993-ல் சர்வதேசத் தரமாக வெளியானது. ஒரு பெரிய சத்தம் ஒலிக்கும்போது அதையொட்டிய சுருதியில் வரும் சின்னச் சத்தம் நம் காதில் விழாது. விழாததற்கு எதற்கு இடம் என்று கழித்துவிடுகிறார்கள். சி.டி.யில் நாலு நிமிஷப் பாட்டு 42 எம்.பி. பிடிக்கும். 128 கே.பி.பி.எஸ். அளவில் சுருக்கினால் 4 எம்.பி.க்குள் வந்துவிடும். 1 ஜி.பி. கார்டில் சுமார் 250 பாட்டு! டேப் ரிக்கார்டர் வாங்க வசதியில்லாத வீடுகளுக்கும் பாட்டுப் போய்ச் சேர்ந்தது இப்படித்தான். அந்த நன்றி எனக்கு உண்டு.

ஆனால் தவில் இதற்கு அடங்காது. வலந்தலையில் கூடு மாட்டிய விரல் விழுகிற அந்த நொடியைக் கேளுங்கள். எம்.பி.3 சத்தத்தைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டித்தான் கணக்குப் போடும். கழித்ததால் வரும் பிசிறு அந்தத் துண்டு முழுக்கப் பரவுவதால், அடி விழுவதற்கு ஒரு கணம் முன்பே லேசாக 'உஸ்' என்று எழும்பும். அடியின் கூர்மை போய்விடும்; தாளத்தின் கணீரும் தண்ணீரில் அலசியது போலாகிவிடும். மேல்நாட்டில் இந்தக் குறையைக் காட்ட காஸ்டனெட் என்ற தாளக்கட்டையைத் தட்டிக் காட்டுவார்கள். எங்களுக்கு, சுவாமி புறப்பாட்டில் வாசிக்கிற ஒரு மல்லாரி போதும்.

எங்கள் பக்கத்தில் சுவாமி புறப்பாட்டில் பதிந்த கேசட்டுகள் எத்தனையோ வீட்டில் இருந்தன. அதன் மேலேயே சினிமாப் பாட்டைப் பதிந்து அழித்தார்கள். தப்பியதைச் சுருக்கி கார்டில் ஏற்றிவிட்டு, கேசட்டைத் தூக்கிப் போட்டார்கள். அந்த மல்லாரி இன்று 128-ல் மட்டும்தான் இருக்கிறது. எனக்கு ஆறவே ஆறாத விஷயம் இது.

2001-ல் ஃபிளாக் என்ற கோப்பு முறை வந்தது. எதையும் கழிக்காமலே கோப்பைப் பாதி அளவுக்குக் கொண்டுவந்துவிடும். இன்று யாராவது கேசட் கொண்டுவந்தால் முதலில் ஃபிளாக்கில் பத்திரப்படுத்துகிறேன். அதிலிருந்துதான் போனுக்கு எம்.பி.3. சிலர் பழைய எம்.பி.3-யை ஃபிளாக்காக மாற்றிக்கொண்டு வந்து, தரம் கூடிவிட்டது என்கிறார்கள். ஸ்பெக்ட்ரம் படத்தைத் திறந்து காட்டுகிறேன்: 16,000 ஹெர்ட்ஸுக்கு மேலே வெறும் கறுப்பு. கோப்பு பெருத்ததே தவிர, போன சத்தம் போனதுதான். பரண்மேல் கேசட் இன்னும் கிடக்கிறதா என்று அப்புறம் விசாரிப்பேன்.