பள்ளி வாயிலும் அம்மைத் தழும்பும்



ஒரு நூற்றாண்டிற்கு முன், ஐக்கிய அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துச் சான் அன்ரோனியோ நகரில், றொசலின் சூக்ற் என்னும் மாணவி பாடசாலையினின்றும் விலக்கப்பட்டாள். அவள் இழைத்த குற்றம் யாது? அம்மைப்பால் குத்திக்கொண்டமைக்குச் சான்று காட்டவில்லை, குத்திக்கொள்ளவும் இசையவில்லை. அரசினர் பாடசாலை அவளை ஏற்க மறுத்தது. தனியார் பாடசாலையும் மறுத்தது. நகரசபையின் விதி இரு வகைப் பாடசாலைகளையும் ஒருங்கே பிணித்திருந்தது. அவ்வேளை நகரில் வைசூரி பரவவில்லையே, நோய் இல்லாத ஊரில் ஒரு பிள்ளையின் கல்விக்குத் தடை போடுவது முறையோ என்பது அவள் தரப்பினர் தொடுத்த வழக்கு. அவ்வழக்கு நாட்டின் உயர் நீதிமன்றம்வரை சென்றது.

தீர்ப்பைக் கூறுமுன், இவ்விதி பிறந்த கதையைச் சற்றே நோக்குவோம்.

ஆங்கில வைத்தியர் எட்வேட் ஜென்னர் 1796 ஆம் ஆண்டில் மாட்டம்மைப் பாலைக் கொண்டு வைசூரியைத் தடுக்கலாம் என்று காட்டினார். ஆறே ஆண்டுகளில், அதாவது 1802 இல், அம்மருந்து கடல் கடந்து நம் இலங்கைக்கும் வந்து சேர்ந்தது. பின்னர் 1886 இல் இங்கு அம்மைப்பால் குத்துதற்கெனத் தனிக் கட்டளைச் சட்டமே இயற்றப்பட்டது. நம்முள் மூத்தோர் பலர் புயத்தில் இன்றும் காணப்படும் வட்டத் தழும்பு அக்காலத்தின் எச்சமாகும். பிற்காலத்தில் வந்த தடுப்பு மருந்துகளுக்குத் துண்டுக் கடதாசி சாட்சி. வைசூரி மருந்துக்கோ உடம்பே சாட்சி! சட்டைக் கையை உயர்த்தினால் போதும், பிறிதொரு பத்திரம் வேண்டியதில்லை.

இங்கிலாந்து 1853 இல், பிறந்து மூன்று மாதத்துள் குழந்தைக்கு அம்மைப்பால் குத்தல் வேண்டுமெனப் பெற்றோரைச் சட்டத்தாற் கட்டாயப்படுத்திற்று. மறுத்தோர்க்குத் தண்டமும், தண்டம் இறுக்காதோர்க்குச் சிறையும் காத்திருந்தன. விளைவு எதிர்ப்பே. 1885 இல் லெஸ்ரர் நகரில் பெருந்திரளானோர் சட்டத்தை எதிர்த்து ஊர்வலம் போயினர். ஈற்றில் 1898 இல், மனச்சான்று இடந்தராத பெற்றோர்க்கு விலக்களிக்க நேர்ந்தது.

அமெரிக்கர் கண்ட வழி வேறு. பொஸ்ரன் நகரம் 1827 ஆம் ஆண்டிலேயே, அம்மைப்பால் குத்தாத பிள்ளைக்கு நகரப் பாடசாலையில் இடமில்லை என்று விதித்தது. அந்நகரை உள்ளடக்கிய மசாச்சுசெற்ஸ் மாநிலம் 1855 இல் அதனை மாநிலம் முழுவதற்கும் உரிய சட்டமாக்கிற்று. இதே மாநிலந்தான் 1852 இல், அமெரிக்காவில் முதன்முதலாகக் கட்டாயக் கல்விச் சட்டத்தையும் கொணர்ந்தது. மூன்றாண்டு இடைவெளியில் வந்த இவ்விரு சட்டங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். வீதியில் திரிந்த ஏழைப் பிள்ளைகளையெல்லாம் ஒரே கூரையின் கீழ், ஒரே வாங்கில் நெருக்கமாக இருத்தியது முதலாவது சட்டம். அந்நெருக்கத்தில் நோய் பரவுமே என்ற அச்சம் இரண்டாவதைத் தந்தது. பிள்ளையைப் பள்ளிக்கு வா என்று அரசே கட்டாயப்படுத்துமாயின், அங்கு வந்த பிள்ளை நோயின்றி வீடு திரும்புவதற்கும் அரசே பொறுப்பன்றோ? இந்நியாயம் வலியது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆயினும் இதனுள் ஒரு சிக்கலும் உண்டு. ஊசிக்கு இசையாத வீட்டுப் பிள்ளையை ஒரு சட்டம் பள்ளிக்கு இழுக்கிறது. மற்றச் சட்டம் வாயிலில் நின்று தள்ளுகிறது. இடையில் அல்லற்படுவது வாதமேதும் அறியாத அப்பிள்ளையே.

எதிர்த்தோர் யாவரையும் அறிவிலிகள் என்று ஒதுக்கிவிடலாகாது. 1901 இல் நியூ ஜேர்சி மாநிலத்துக் கம்டன் நகரில் வைசூரி தலைகாட்டியபோது, மாணாக்கர் அனைவரும் அம்மைப்பால் குத்தல் வேண்டுமெனக் கல்விச் சபை கட்டளையிட்டது. குத்திக்கொண்ட பிள்ளைகளுள் ஒன்பதின்மர் ஏற்பு வலி கண்டு மாண்டனர். அதே ஆண்டில் சென் லூயிஸ் நகரில், தொண்டைக்கரப்பானுக்கு ஏற்றிய மருந்து மாசுபட்டிருந்தமையால் 13 பிள்ளைகள் அதே வலியால் இறந்தனர். கட்டாயப்படுத்தும் அரசு, தான் கட்டாயப்படுத்தும் மருந்தின் தூய்மையைச் சோதித்ததா என்ற கேள்வி எங்கும் எழுந்தது. மறு ஆண்டு, 1902 இல், இத்தகைய மருந்து செய்வோர் அனுமதி பெறவும் சோதனைக்கு உட்படவும் வேண்டுமென்று மத்திய அரசு சட்டம் செய்தது. அச்சட்டம் முந்தி வந்திருக்கலாகாதா?

அதே 1902 இல் மசாச்சுசெற்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் வைசூரி பரவிற்று. சுவீடன் நாட்டிற் பிறந்து அங்குக் குடியேறிய ஹென்னிங் ஜேக்கப்சன் என்னும் போதகர், சிறுவயதில் அம்மைப்பாலால் தாம் பெருந்துன்பம் உற்றதாகக் கூறி மறுத்தார். ஐந்து டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. அவர் தண்டம் இறுக்காது வழக்காடினார். 1905 இல் உயர் நீதிமன்றம் எழுவர் ஒருபுறமும் இருவர் மறுபுறமுமாக நகரத்தின் பக்கம் நின்றது. கொள்ளைநோயினின்றும் தன்னைக் காத்துக்கொள்ளும் உரிமை சமூகத்திற்கு உண்டு என்றார் நீதியரசர் ஹார்லன். எனினும், உடல்நிலை இடந்தராத ஒருவருக்கு வலிந்து குத்துவது கொடுமையாகும் என்பதையும் அத்தீர்ப்பு ஏற்றுக்கொண்டது.

இனிச் சூக்ற் வழக்கிற்கு வருவோம். 1922 நவம்பரில் நீதியரசர் பிராண்டைஸ் வழங்கிய தீர்ப்பு சில பந்திகளே கொண்டது. இவ்வினா முன்னரே தீர்ந்துவிட்டது எனக் கூறி, ஒருமனதாக வழக்கைத் தள்ளிற்று நீதிமன்றம். நோய் வந்தபின்னரே காக்கலாம் என்பதில்லை, வருமுன்னும் காக்கலாம் என்பது இதனால் உறுதியாயிற்று.

எனினும் ஏட்டில் உள்ள சட்டம் வேறு, வாயிலில் நிற்கும் சட்டம் வேறு. சின்னமுத்துக்கு 1963 இல் தடுப்பு மருந்து வந்தது. பல மாநிலங்கள் விதி செய்தும் அதனைக் கண்டிப்பாக நடத்தவில்லை. 1976 தொடங்கி அலாஸ்காவில் சின்னமுத்து பரவியபோது அதிகாரிகள் விழித்துக்கொண்டனர். குறித்த நாளில் 89,109 மாணாக்கருள் சான்று காட்டாத 7,418 பேர் வகுப்பினின்றும் விலக்கப்பட்டனர். ஒரு மாதம் கழிந்தபோது வெளியில் நின்றோர் ஏறக்குறைய ஐம்பதின்மரே. 1977 இல் லொஸ் ஏஞ்செல்ஸ் பகுதியிலும் சுமார் 50,000 பிள்ளைகள் இவ்வாறே நிறுத்தப்பட்டு, பெரும்பாலோர் சில நாளில் ஊசி போட்டுத் திரும்பினர். அவர்களின் பெற்றோர் மருந்தை வெறுத்தவரல்லர். நாளைக்கு ஆகட்டும் என்று இருந்தவரே என்பது இதனாற் புலனாயிற்று. 1980 அளவில் ஐம்பது மாநிலங்களும் பள்ளிச் சேர்வுக்குத் தடுப்பூசியை விதியாக்கிவிட்டன.

அத்துடன் கதை முடிந்திருக்கலாம், முடியவில்லை. 1989 முதல் 1991 வரை சின்னமுத்து மீண்டும் எழுந்து 55,000க்கும் மேற்பட்டோரைப் பற்றி, நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்றது. இம்முறை பெரிதும் தாக்குண்டோர் ஐந்து வயது நிரம்பாத, தடுப்பூசி பெறாத, பெருநகர்களின் வறிய பிள்ளைகள். பள்ளி வாயிற் காவல் ஐந்து வயதிலன்றோ தொடங்குகிறது? சின்னமுத்தோ அதுவரை காத்திருக்கவில்லை. பாலர் பராமரிப்பு நிலையங்களுக்கு விதி வகுத்தாலும், அங்கும் வராது வீட்டிலேயே வளரும் பிள்ளையை எந்தக் காவலன் தடுத்து நிறுத்துவான்? காசில்லாத தாய் கைக்குழந்தையுடன் வைத்தியரிடம் போகத் தயங்கியதே நோய்க்கு வழி விட்டது எனக் கண்டனர். ஆகவே 1993 இல் புதுச் சட்டம் இயற்றி, மறு ஆண்டு முதல் வறிய பிள்ளைகளுக்கு அரசின் செலவிலே மருந்து வழங்கத் தொடங்கினர். 2000 ஆம் ஆண்டில், சின்னமுத்து தம் நாட்டில் நிலைகொண்டு பரவுதல் ஒழிந்தது என அமெரிக்கர் அறிவித்தனர். 2014 டிசம்பரில் கலிபோர்ணியாவின் உல்லாசப் பூங்கா ஒன்றிலிருந்து அது மறுபடி பரவவும், அம்மாநிலம் பெற்றோரின் சொந்த நம்பிக்கை காரணமான விலக்கை நீக்கிச் சட்டம் செய்தது. 2016 யூலை முதல், பாடசாலையாயினும் பாலர் பராமரிப்பு நிலையமாயினும், அங்குப் புதிதாகச் சேரும் பிள்ளை தடுப்பூசிச் சான்றையோ, உடல்நிலை பற்றிய வைத்தியரின் எழுத்தையோ கையிற் கொண்டு வரல் வேண்டும் என்றாயிற்று.