பென்சில் கோடு போன வழி

புள்ளி இல்லாத நாயாக இருந்திருந்தால் இந்தப் படத்துக்கு ஓர் இயந்திரமே தேவைப்பட்டிருக்காது. டால்மேஷன் நாய்க்கு அழகே உடம்பெல்லாம் சிதறிக் கிடக்கும் கரும்புள்ளிதான். அப்படிப்பட்ட நாய்கள் ஒன்றிரண்டல்ல, 101 திரையில் ஓட வேண்டும். வால்ட் டிஸ்னியின் ஸ்டுடியோ 1961 ஜனவரியில் வெளியிட்ட ‘ஒன் ஹண்ட்ரட் அண்ட் ஒன் டால்மேஷன்ஸ்’ படத்தில், காகிதத்தில் பிறந்த பென்சில் கோடு திரைவரை போய்ச் சேர்ந்த வழியைத்தான் இங்கே தொடரப் போகிறேன். இயக்குநர், நடிகர், வசூல் என்று பேசுவோர் நிறைய உண்டு; கோட்டைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

கோட்டுக்கு முன்னால் கதை. டோடி ஸ்மித் லண்டன் நாடக மேடையில் பெயர் எடுத்தவர். அவர் வளர்த்த டால்மேஷனின் பெயர் பாங்கோ. அதைப் பார்த்த தோழி ஒருவர், இந்தத் தோலில் நல்ல கோட்டு தைக்கலாம் என்று வேடிக்கையாகச் சொன்னார். கேட்டவர் எழுத்தாளர் ஆயிற்றே, மறப்பாரா? உலகப் போர்க் காலத்தில் அவரும் கணவரும் அமெரிக்காவில் இருந்தபோது அவர்களுடைய நாய் 15 குட்டி போட்டது. அதில் ஒன்று அசைவற்றுப் பிறக்க, கணவர்தான் அதைப் பிழைக்க வைத்தார். 1956-ல் வெளிவந்த ஸ்மித்தின் நாவலில் தோல் கோட்டும் இருக்கிறது, செத்துப் பிழைத்த குட்டியும் இருக்கிறது. படத்தில் பாங்கோவை வளர்க்கும் ரோஜர் துணியில் சுற்றித் தேய்த்துத் தேய்த்து ஒரு குட்டிக்கு மூச்சு வரவைக்கும் காட்சி அந்த வீட்டிலிருந்து வந்ததே.

அடுத்த ஆண்டே டிஸ்னி உரிமையை வாங்கிவிட்டார். அதுவரை அந்த ஸ்டுடியோவில் முழுநீளப் படக் கதை என்பது ஊர் கூடித் தேர் இழுக்கிற வேலை. பலர் சுவரில் படங்களை ஒட்டி வைத்துக்கொண்டு வாதாடுவார்கள். இந்த முறை பில் பீட் ஒருவரே உட்கார்ந்து திரைக்கதையை எழுதி முடித்தார். நாவலில் பாங்கோவின் மனைவி பெயர் மிஸ்ஸிஸ்; பெர்டிட்டா பால் கொடுக்க வந்த வேறொரு தாய் நாய். பீட் இருவரையும் ஒருவராக்கினார். அதனால் கணக்கே மாறிப்போனது. நாவலில் 101-ஆவது நாய் பெர்டிட்டாவின் காணாமல் போன கணவன் பிரின்ஸ். படத்திலோ 99 குட்டிகளும் அப்பா அம்மாவும் சேர்ந்தால் 101. கச்சிதம்தான், மறுக்கவில்லை, ஆனால் கடைசி நாயாகப் பிரின்ஸ் வந்து நிற்கும்போது நாவலில் கிடைக்கிற சந்தோஷம் படத்தில் இல்லை. தோலுக்காகக் குட்டிகளைத் திருடும் க்ரூயெல்லா டி வில்லுக்கு நாவலில் தோல் வியாபாரம் செய்யும் கணவன் உண்டு. பீட் அவனை வெட்டி எறிந்தார். அது நல்ல வெட்டு. தனியாக நிற்பதால்தான் அவள் அத்தனை பயங்கரமானவள்.

இனி கோடு. அதுவரை டிஸ்னி படங்களில் அனிமேட்டர் காகிதத்தில் பென்சிலால் வரைந்ததை யாரும் திரையில் பார்த்ததில்லை. அந்தக் காகிதத்தின் மேல் ‘செல்’ எனப்படும் கண்ணாடி போன்ற தாளை வைத்து, கூரிய நிப்பால் மையில் மறுபடி வரைவார்கள். பிறகு தாளின் பின்புறத்தில் வண்ணம் தீட்டுவார்கள். இதைச் செய்தவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் பெண்கள். கைரேகை படாமலிருக்கக் கையுறை போட்டுக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மயிரிழைக் கோட்டை ஒரே வீச்சில் இழுப்பார்கள். கன்னத்துக்கு ஒரு நிற மை, உடைக்கு இன்னொரு நிற மை என்று கோடே வண்ணத்துக்குள் கரைந்துபோகும். ஸ்நோ ஒயிட்டின் முகம் அத்தனை மென்மையாகத் தெரிவதற்கு அந்தக் கைகளும் காரணம். அந்தப் பெண்களுக்கு அனிமேட்டர் நாற்காலி கிடைக்காது. படைப்பு வேலை இளைஞர்களுக்கே உரியது, பெண்களுக்கு உள்ளது மை வேலையும் வண்ண வேலையும்தான் என்று 1938-ல் வேலை கேட்டு எழுதிய ஒரு பெண்ணுக்கு ஸ்டுடியோ அனுப்பிய பதில் கடிதம் இன்றும் கிடைக்கிறது.

1959-ல் வந்த ‘ஸ்லீப்பிங் பியூட்டி’ இந்தக் கைவேலையின் உச்சி. 60 லட்சம் டாலர் விழுங்கிவிட்டு, முதல் வெளியீட்டில் போட்ட பணத்தைத் திருப்பித் தரவில்லை. ஸ்டுடியோவில் ஆட்குறைப்பு நடந்தது. அனிமேஷன் துறையையே மூடிவிடலாமா என்ற பேச்சும் எழுந்தது. அந்த நேரத்தில் புள்ளி நாய்க் கதையைக் கையில் எடுப்பதென்றால், ஒவ்வொரு நாயையும் ஒவ்வொரு புள்ளியையும் முதலில் பென்சிலில், பிறகு மையில் என்று இரண்டு முறை வரைய வேண்டும். கட்டுப்படியாகுமா?

அங்கேதான் அப் ஐவர்க்ஸ் வருகிறார். மிக்கி மவுஸுக்கு முதன்முதலில் உயிர் கொடுத்த கை அவருடையது. பிறகு இயந்திரங்களோடு ஐக்கியமாகிவிட்டவர். நம் ஊரில் தாலுகா ஆபீஸ் வாசலில் ரேஷன் கார்டை நகல் எடுத்துத் தருகிறார்களே, அதே ஜெராக்ஸ் முறையை அவர் செல் தாளுக்குப் பழக்கினார். செலினியம் பூசிய தகட்டில் மின்னூட்டம் ஏற்றுவார்கள். அனிமேட்டரின் காகிதத்தைக் கேமரா வழியாக அதன்மேல் விழவைப்பார்கள். வெளிச்சம் பட்ட இடத்தில் மின்னூட்டம் வடிந்துவிடும்; கோடு விழுந்த இடத்தில் மட்டும் தங்கும். அங்கே கரும்பொடி போய் ஒட்டிக்கொள்ளும். பொடியைச் செல்லுக்கு மாற்றி, கரைப்பான் ஆவியில் காட்டினால் கோடு நிலைத்துவிடும். ‘ஸ்லீப்பிங் பியூட்டி’யின் சில காட்சிகளிலும், 1960-ல் வந்த ‘கொலாயத் டூ’ குறும்படத்திலும் ஒத்திகை பார்த்தாயிற்று. முழுநீளப் படம் ஒன்றை முழுக்க முழுக்க இப்படி எடுத்தது டால்மேஷன்களுக்காகத்தான்.

குட்டிகளைக் கூட்டமாக ஓடவிடுவது எளிதாயிற்று. ஒரு சிறு குழுவை வரைந்து, அதையே நகலெடுத்து முன்னும் பின்னும் அடுக்கலாம். ஆனாலும் புள்ளிகளை யாராவது முதலில் வரைந்துதானே ஆக வேண்டும்? அனிமேட்டர்கள் அவற்றை நட்சத்திரக் கூட்டமாகப் பாவித்தார்களாம். ஒரு புள்ளியை இடம் பார்த்து வைத்துவிட்டால், அதைக் கொண்டு அடுத்தது, அதைக் கொண்டு அதற்கடுத்தது. பாங்கோவுக்கு 72, பெர்டிட்டாவுக்கு 68, குட்டி ஒவ்வொன்றுக்கும் 32. படம் முழுக்க 64,69,952 புள்ளிகள் என்று ஸ்டுடியோ விளம்பரம் செய்தது. கடைசி இரண்டு புள்ளி வரைக்கும் எண்ணிய அந்த மகானுபாவர் யாரோ!

க்ரூயெல்லாவின் காருக்கும் இதே வித்தை. வெள்ளை அட்டையில் பொம்மைக் கார் செய்து, விளிம்புகளில் கறுப்புக் கோடிட்டு, அதை ஓடவிட்டுப் படம்பிடித்து, செல்லுக்கு மாற்றினார்கள். பனியில் சறுக்கிப் பாயும் அந்தக் காரின் கனம், கையால் வரைந்திருந்தால் வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

க்ரூயெல்லாவை வரைந்தவர் மார்க் டேவிஸ். எலும்பும் தோலுமான தோளில் மலைபோல் ஒரு கோட்டு, சிகரெட் குழலைச் சுழற்றும் விரல். அவளுடைய ஒவ்வொரு வெட்டும் இழுப்பும் அவருடைய பென்சில் நடந்த வேகத்திலேயே திரைக்கு வந்துவிட்டன. இடையில் இன்னொரு கை இல்லை. அனிமேட்டர்களுக்குப் பெரும் சந்தோஷம். இத்தனை வருடம் கழித்துத் தங்கள் கோட்டைத் தாங்களே பார்க்கிறார்கள். கலை இயக்குநர் கென் ஆண்டர்சன் ஒரு படி மேலே போய், பின்னணிக் காட்சிகளையும் கோட்டோவியமாக்கினார். வால்ட் பெரிகோய் தீட்டிய வண்ணத் திட்டுகளின் மேல் கோடு தனிச் செல்லாக வந்து உட்காரும். வண்ணம் கோட்டைத் தாண்டி வழிந்து கிடக்கும். லண்டன் வீடுகள் ஒரு நல்ல பத்திரிகைக் கார்ட்டூன்போல் இருக்கும்.

வால்ட் டிஸ்னிக்கு இது பிடிக்கவேயில்லை. கோட்டை மறைப்பதற்கே அத்தனை வருடம் பாடுபட்டவர் அவர். படம் நன்றாக ஓடியும் அவர் மனம் ஆறவில்லை; ஆண்டர்சனிடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தார். 1966-ல் டிஸ்னி இறப்பதற்குச் சிறிது காலம் முன்பு இருவரும் சந்தித்தபோது, அவர் பார்த்த பார்வையில் எனக்கு மன்னிப்புக் கிடைத்துவிட்டதாக எண்ணிக்கொண்டேன் என்று ஆண்டர்சன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். டோடி ஸ்மித்துக்கோ படம் பிடித்திருந்தது. தன் புத்தகத்தில் இருந்த ஓவியங்களைவிட இவை மேல் என்று பீட்டுக்கு எழுதினார்.

என் கட்சி ஆண்டர்சன் கட்சி. ஆனால் இந்த வெற்றிக் கதையைச் சொல்கிறவர்கள், கையை இயந்திரம் காப்பாற்றியது என்று பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். அது காப்பாற்றியது அனிமேட்டரின் கையை. மை போட்ட கைகளுக்கு வேலை போயிற்று. வண்ணம் தீட்டுவோர் மட்டும் மிஞ்சினார்கள். படத்தின் பெயர்ப் பட்டியலில் முன்பும் இடமில்லாதவர்கள், போகும்போதும் சத்தமில்லாமல் போனார்கள்.

கறுத்து முரடான அந்தக் கோடு பிறகு ‘ஜங்கிள் புக்’, ‘அரிஸ்டோகாட்ஸ்’ என்று தொடர்ந்து வந்தது. 1977-ல் ‘ரெஸ்க்யூயர்ஸ்’ படத்தில் சற்றுச் சாம்பல் நிறத்துக்கு இறங்கியது. 1990-ல் அதன் இரண்டாம் பாகத்தை எடுத்தபோது செல் தாளே போய்விட்டது. காகித ஓவியத்தை நேராகக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றி அங்கேயே வண்ணம் போட்டார்கள். அந்த முறையில் கோட்டுக்கு எந்த நிறம் வேண்டுமானாலும் கொடுக்கலாம்: கன்னத்துக்கு ஒன்று, உடைக்கு இன்னொன்று.