மீன் அறியத் தமிழ் படித்தவர்கள்

கடல் அறிவியலின் வரலாற்றைப் பெரும்பாலும் கப்பல்களையும் கருவிகளையும் வைத்தே எழுதுகிறார்கள். 1872-இல் இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட சேலஞ்சர் கப்பல், ஆழம் பார்க்கும் ஈயக்குண்டு, நுண்ணோக்கி, பிறகு எதிரொலியால் ஆழம் அளக்கும் கருவி என்று அந்த வரிசை நீளும். சோழமண்டலக் கரையின் மீனியல் வரலாறு இந்த வரிசைக்குள் அடங்காது. இங்கே அது தொடங்கியபோது ஆய்வுக் கப்பலும் இல்லை, ஆய்வுக்கூடமும் இல்லை. இருந்தவை ஒரு டேனியக் கோட்டை, ஒரு மிஷன் அச்சகம், மீனை ஊறப்போடச் சாராயம், தமிழ் படித்திருந்த சில ஜெர்மானியர்கள். இவற்றுள் கடைசியாகச் சொன்னதே முதன்மையான கருவி என்பது என் வாதம். மொழிப் பயிற்சியைப் பண்பாட்டுக் கணக்கில் எழுதி வைப்பதே வழக்கம். குறைந்தது இந்தக் கரையிலாவது அதை ஆய்வுமுறைக் கணக்கில் எழுத வேண்டும்.

தரங்கம்பாடி 1620-இல் டேனியர் கைக்கு வந்தது. 1706-இல் சீகன்பால்குவும் புளூட்சோவும் அங்கே கரையிறங்கியபோது மதம் பரப்பும் நோக்கத்தோடுதான் வந்தார்கள். மீனும் செடியும் அவர்கள் கணக்கில் இல்லை. ஆனால் மதத்தைச் சொல்லத் தமிழ் வேண்டியிருந்தது. சீகன்பால்கு திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகினார். 1716-இல் அவரது தமிழ் இலக்கணம் லத்தீனில் எழுதப்பட்டு ஹாலே நகரில் அச்சாயிற்று. அப்போது விழுந்த வழக்கம், பின்னால் வந்த ஒவ்வொரு பாதிரியாரும் தமிழ் படித்தாக வேண்டும் என்பது. இரண்டு தலைமுறை கழித்து, லின்னேயஸிடம் பாடம் கேட்ட யோகான் கெர்ஹார்ட் கோனிக் 1768-இல் மருத்துவராகத் தரங்கம்பாடிக்கு வந்தபோது, தாவரத்துக்கும் விலங்குக்கும் இருசொல் பெயரிடும் புதிய முறை, ஏற்கெனவே தமிழ் புழங்கிக்கொண்டிருந்த ஒரு வீட்டுக்குள் நுழைந்தது. 1771-இல் கிறிஸ்டோப் சாமுவேல் யோன் வந்தார்; 1776-இல் ராட்லர் வந்தார். ராட்லர் செடிகளைத் தொகுத்தவர், பெரிய தமிழ் அகராதி ஒன்றையும் தொகுத்தவர். யோன் மீனும் சங்கும் சேர்த்தவர். அவரே 'ஆசியாடிக் ரிசர்ச்சஸ்' ஏட்டின் 7-ஆம் தொகுதியில் ஔவையாரைப் பற்றிக் கட்டுரையும் எழுதினார். ஆத்திசூடியைப் படித்த கண்தான் கட்டுமரத்திலிருந்து இறங்கிய மீனையும் பார்த்தது. இந்த இரண்டு வேலைகளையும் ஒரே ஆள் செய்தார் என்பதை அவரது வாழ்க்கைக் குறிப்பெழுதுகிறவர்கள் தனித்தனி அத்தியாயமாகப் பிரித்துவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

யோன் அனுப்பிய மீன்கள் போய்ச் சேர்ந்த இடம் பெர்லினில் மார்க்குஸ் எலியேசர் பிளாக் என்ற மருத்துவரின் வீடு. அன்ஸ்பாக்கில் 1723-இல் ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்த பிளாக், எபிரேய நூல்களிலேயே வளர்ந்தவர்; ஹாம்பர்க்கில் ஒரு யூத மருத்துவர் வீட்டில் ஆசிரியராக இருந்தபோதுதான் ஜெர்மனும் லத்தீனும் கற்றார். கடிதத்தின் இரு முனையிலும், வளர்ந்த பிறகு பிறமொழி கற்றுத் தொழிலுக்கு வந்தவர்கள். 1782 முதல் 1795 வரை 12 பகுதிகளாக, 432 வண்ணப் படங்களோடு பிளாக் வெளியிட்ட மீன் நூலில், ஒவ்வொரு மீனுக்கும் பல மொழிகளில் உள்ள பெயர்கள் வரிசையாக வருகின்றன. தரங்கம்பாடி மீன்களுக்குத் தமிழ்ப் பெயரும் வருகிறது. 1793-இல் கத்தாளை வகை மீன்களுக்காக ஒரு பேரினத்தைப் பிரித்து, யோன் நினைவாக அதற்கு 'யோனியஸ்' என்று பெயரிட்டார். அதில் ஓர் இனத்துக்கு அவர் வைத்த சிறப்புப் பெயர் 'கருட்டா'. கருத்த கத்தாளை என்று கரையில் சொன்னது அப்படியே லத்தீனுக்குள் போயிற்று. பெயரிடும் விதிப்படி முதலில் வைத்ததே நிலைக்கும் என்பதால், இன்றும் உலகின் எந்த மீனியல் பட்டியலிலும் அந்த மீன் இந்தப் பெயரில்தான் நிற்கிறது.

பெயர் போனதை வைத்து மொழிதான் கருவி என்று சொல்லிவிட முடியுமா என்று கேட்கலாம். முடியாது, பெயர் ஓர் அலங்காரமாகவும் இருந்திருக்கலாம். ஆகவே எதிர்ப்பக்கத்துச் சான்றைப் பார்க்க வேண்டும். பிளாக்கிடம் மீன்கள் இரண்டு வழியாக வந்தன. ஒன்று, யோன் போன்றவர்கள் பிடித்த இடத்திலிருந்து நேரே அனுப்பியவை. மற்றொன்று, ஐரோப்பிய வணிகர்களிடமும் சேகரிப்பாளர்களிடமும் கைமாறி வந்தவை. இரண்டாம் வழியில் வந்த மீன்களுக்கு ஊர் தவறிப்போவது சாதாரணமாக நடந்தது. பனையேறிக் கெண்டை என்று நாம் சொல்லும் மீனுக்கு 1792-இல் பிளாக் அறிவியல் பெயர் வைத்தபோது, அதன் ஊர் ஜப்பான் என்று எழுதினார். அந்த மீன் ஜப்பானில் கிடையவே கிடையாது. சாவாவிலிருந்து வந்த மீனாக இருக்கலாம் என்பது பின்னாளில் ஆராய்ந்தவர்கள் கருத்து. சாராயத்தில் ஊறிய உடல் செதிலையும் முள்ளையும் காட்டும். எங்கே பிடித்தார்கள், எந்தப் பருவத்தில் வரும், உயிரோடிருக்கையில் என்ன நிறம், சேற்றில் கிடக்குமா ஆழத்தில் திரியுமா என்பதைக் காட்டாது. இவையெல்லாம் பேச்சில் இருக்கும் செய்திகள். பேச்சு புரிந்த ஒருவர் வழியில் இருந்தால் அவை மீனோடு சேர்ந்து போகும். இல்லாவிட்டால் மீன் மட்டும் போகும்.

அதே பனையேறி இன்னொரு சிக்கலையும் காட்டுகிறது. டேனியக் கம்பெனியில் பணிசெய்த டால்டோர்ஃப் என்ற அதிகாரி, 1791-இல் தரங்கம்பாடியை அடுத்த ஒரு குளக்கரையில், பனைமரத்துப் பட்டைவெடிப்பிலிருந்து இந்த மீனைத் தாமே பிடித்ததாகவும், அது செவிள்மூடியின் முட்களைப் பற்றிப்பற்றி மேலே போய்க்கொண்டிருந்ததாகவும் எழுதினார். 1797-இல் லண்டன் லின்னேயன் கழகத்தின் ஏட்டில் அது வெளிவந்தது. யோனும் இதே மீனின் ஏறும் பழக்கத்தைப் பற்றி, பனையேறி என்ற ஊர்ப்பெயரோடு பிளாக்குக்குத் தெரிவித்திருந்தார். பின்னர் ஆராய்ந்தவர்களில் பலர் இதை ஏற்கவில்லை. மீன் ஈரத்தரையில் ஊர்ந்து போகும், மழைநாளில் குளம்விட்டுக் குளம் மாறும், ஆனால் மரம் ஏறாது. காக்கையும் பருந்தும் கொத்திக்கொண்டு போய்க் கிளையில் போட்டதைப் பார்த்து ஜனங்கள் அப்படிச் சொல்லியிருப்பார்கள் என்றார்கள். அப்படியானால் ஊர்ப்பேச்சை நம்பியது அறிவியலைக் கெடுத்தது என்று வாதிடுகிறவர்களுக்கு இது நல்ல ஆயுதம். நான் இதை வேறு விதமாகப் படிக்கிறேன். பனையேறி என்ற பெயர் ஒரு கூற்று, சரிபார்க்கத்தக்க கூற்று. மீன் நீரைவிட்டு வெளியே நெடுநேரம் உயிரோடிருக்கும் என்ற பாதி சரி. மரமேறும் என்ற பாதி ஐயத்துக்குரியது. சரியான பாதிதான், செவிளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக அமைந்து காற்றை நேரே மூச்சாக இழுக்க உதவும் உறுப்பை நோக்கி உடற்கூற்று ஆய்வாளர்களைத் திருப்பியது. பாட்டிலில் கிடந்த ஜப்பான் மீனைப் பார்த்து, இது தரையில் நடக்குமா என்று எவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. தரங்கம்பாடியார் சாதித்தது மொழியால் அல்ல, நீண்ட நாள் தங்கியதால் என்பது அது. யோன் 1813-இல் இறக்கும்வரை 42 ஆண்டு அங்கே இருந்தார். அவ்வளவு நாள் இருந்தால் யாருக்கும் எதுவும் தெரியவரும் என்பார்கள். ஆனால் சென்னைப் பட்டினத்தில் ஆங்கிலக் கம்பெனிக்காரர்கள் அதைவிட நெடுங்காலம் தொடர்ந்து இருந்தார்கள், பணமும் கூடுதலாக இருந்தது. அவர்கள் ஊக்கம் பருத்தி, அவுரி, சாயம் என்று வருமானம் தரும் செடிகளின் பக்கம் போயிற்று. கரையிலிருந்த மீன்களைப் பற்றி அக்காலத்தில் யோன்–பிளாக் கூட்டு செய்த அளவுக்கு அவர்கள் செய்யவில்லை. அவர்களுக்குள் விதிவிலக்கு ஒருவர் உண்டு. விசாகப்பட்டினத்தில் இருந்த மருத்துவர் பேட்ரிக் ரஸ்ஸல், 1803-இல் 200 மீன்களின் படங்களை இரண்டு பாகமாக வெளியிட்டார்; மீன்களைத் தெலுங்குப் பெயர்களாலேயே குறித்தார். இந்தியாவுக்கு வருமுன் சிரியாவின் அலெப்போவில் நெடுநாள் மருத்துவம் பார்த்தவர் அவர். அந்நிய ஊரில் உள்ளூர்ப் பேச்சோடு பழகிய அனுபவம் ஏற்கெனவே இருந்தது. பிரெஞ்சு விலங்கியலாளர் கியூவியே முதலானவர்கள் பின்னால் ரஸ்ஸலின் படங்களை ஆதாரமாக வைத்துப் பல இனங்களுக்கு லத்தீன் பெயர் தந்தார்கள். இன்னும் நெருக்கமான ஒப்பீடு வேண்டுமானால், அதே டேனிய அரசு 1761-இல் அரேபியாவுக்கு அனுப்பிய குழுவைப் பார்க்கலாம். அதில் இருந்த பீட்டர் ஃபோர்ஸ்கோல் கோட்டிங்கனில் கீழைமொழிகள் படித்தவர், அரபி அறிந்தவர். 1763-இல் ஏமனில் நோயால் இறந்தார். அவர் செங்கடலோரத்தில் கழித்தது ஒரு பாதிரியாரின் 42 ஆண்டு அல்ல, சில மாதங்களே. ஆயினும் செங்கடல் மீன்களுக்கு அவர் வைத்த அரபுப் பெயர்கள், உடன்சென்று உயிர்தப்பிய நீபூர் 1775-இல் பதிப்பித்த நூல் வழியே நிலைத்தன. நம் முள்ளுவாளையின் அறிவியல் பெயரில் இன்றும் 'டோரப்' என்ற அரபுச் சொல் இருக்கிறது. நாள் குறைந்தாலும் மொழி இருந்தால் வேலை நடந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான வழக்கு கிடைப்பது அரிது.

மீனவர் பெயர்கள் ஒழுங்கற்றவை என்பது மூன்றாவது மறுப்பு. சென்னையில் வஞ்சிரம், குமரிக்கரையில் நெய்மீன், தூத்துக்குடிப் பக்கம் சீலா. அதே சீலா என்ற பெயர் சென்னையில் வேறொரு மீனுக்கு. இது உண்மை, லத்தீன் பெயரின் தேவையே இதிலிருந்துதான் பிறக்கிறது. ஆனால் பெயர் ஊருக்கு ஊர் மாறுவதும், பெயர் ஒழுங்கற்றிருப்பதும் ஒன்றல்ல. ஒரே கரைக்குள் பார்த்தால், கத்தாளை என்பது குடும்பப் பெயர், கருத்த என்பது அதற்குள் ஒன்றைப் பிரிக்கும் அடை. வாளை என்பதற்கு முன் முள்ளு வருவதும் அப்படியே. லின்னேயஸ் பேரினம், சிற்றினம் என்று இரண்டு சொல்லில் செய்ததற்கு இது தொலைவில் இல்லை. பிளாக் 'கருட்டா'வைத் தம் முறைக்குள் எளிதாகப் பொருத்த முடிந்ததற்கு, அந்தப் பெயர் ஏற்கெனவே வகைப்படுத்தும் வேலையைச் செய்து முடித்திருந்ததும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஒன்றை மட்டும் மறுக்க முடியாது. யோனின் பெயர் ஒரு பேரினத்துக்கு வந்தது. அவருக்கு மீனைக் கொண்டுவந்து கொடுத்து இது இன்னது என்று சொன்ன பட்டினவ மீனவர் ஒருவரின் பெயரும் எந்தப் பேரினத்திலும் இல்லை. மொழி தெரிந்ததால் அந்த ஏற்றத்தாழ்வு குறையவில்லை. சொல்லப்போனால் மொழி தெரிந்ததால்தான் எடுக்க முடிந்தது. இதை வைத்து மொத்த முயற்சியையும் கொள்ளை என்று தள்ளுகிறவர்களோடு நான் உடன்படவில்லை. ஆனால் கூட்டுழைப்பு என்று மெழுகுகிறவர்களோடும் உடன்பட மாட்டேன்.

1845-இல் தரங்கம்பாடி ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டது. அதற்கு முன்பே மிஷனின் இயற்கை ஆராய்ச்சி ஓய்ந்திருந்தது. ஊர்ப்பெயரைக் கேட்டு எழுதும் வழக்கம் மட்டும் அரசுக்கு மாறியது. சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்த பிரான்சிஸ் டே 1875 முதல் 1878 வரை வெளியிட்ட இந்திய மீன்கள் நூலில், இனத்தின் விளக்கத்தை அடுத்துத் தமிழ், தெலுங்கு, மலையாளம், வங்காளம் முதலிய மொழிகளின் பெயர்கள் வரும். 1907-இல் உருவான சென்னை மீன்துறையில் ஜேம்ஸ் ஹார்னெல் சங்குகுளிப்பையும் முத்துப் படுகைகளையும் பற்றி எழுதியபோது, கடலடித் திட்டுகளுக்குக் குளியாட்கள் சொல்லும் 'பார்' என்ற சொல்லை ஆங்கிலத்திலும் அப்படியே வைத்துக்கொண்டார். ஒவ்வொரு பாருக்கும் கடலோடிகள் வைத்திருந்த பெயர் இல்லாமல் மன்னார் வளைகுடாவின் படுகை வரைபடத்தை மீன்துறையால் நிரப்பியிருக்க முடியாது. 1947-இல் தொடங்கி 1949-இல் மண்டபத்துக்கு மாறிய மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் கணக்கெடுப்பும் மீன் இறங்கும் துறைகளில்தான் நடக்கிறது. அங்கே கூடையைப் பார்த்து எழுதுகிறவருக்குக் கரையில் சொல்லும் பெயர் ஒன்று, படிவத்தில் நிரப்ப வேண்டிய பெயர் ஒன்று. தூத்துக்குடிச் சீலாவையும் சென்னைச் சீலாவையும் அவர் ஒன்றாக எண்ணிவிட்டால், அந்த ஆண்டு வஞ்சிரம் எவ்வளவு பிடிபட்டது என்ற கணக்கே பிசகும். அதை வைத்து மதிப்பிடும் மீன்வளமும் பிசகும்.