பயன்படுத்துவோர் பிழையும் பொறியின் பிழையும்

பொறியைக் கையாளுபவர் தடுமாறினால் தவறு அவருடையதே எனக் கொள்வது நெடுநாள் வழக்கம். கணினித் துறையில் இக்கருத்துத் தளர்ந்த வரலாறு நோக்கத்தக்கது.

1974இல் கலிபோர்ணியாவிலுள்ள ஸெரொக்ஸ் ஆய்வுகூடத்தில் 'பிராவோ' என்னும் எழுத்தாவண மென்பொருள் உருவாயிற்று. அதற்குக் கட்டளை நிலை, எழுத்து நிலை என இரு நிலைகள் இருந்தன. கட்டளை நிலையில் இருப்பதை மறந்து ஒருவர் 'எடிற்' என்னும் ஆங்கிலச் சொல்லைத் தட்டினால், முதலெழுத்து ஆவணம் முழுவதையும் தெரிவுசெய்தது. இரண்டாவது அதனை அழித்தது. மூன்றாவது எழுத்து நிலைக்கு மாற்றியது. நான்காவது எழுத்து மட்டும் திரையில் எஞ்சிற்று. வல்லுநர் பழக்கத்தால் இவ்விடரைக் கடந்தனர். புதியவர்க்கோ அது உழைப்பின் அழிவாயிற்று.

ஜின் என்னும் பாடநூல் நிறுவனத்தின் தேவைக்காக ரிம் மொற், லரி ரெஸ்லர் ஆகியோர் வேறு வழியை நாடினர். கணினிப் பயிற்சியற்றோரை வெறுந்திரையின் முன் அமர்த்தி, தம் பணியை எவ்வாறு செய்ய விரும்புவர் என வினவினர். அவ்விடைகளின் அடியாக, நிலைமாற்றத் தொல்லையைத் தவிர்த்த 'ஜிப்சி' 1975இல் தோன்றிற்று. தாளை வெட்டி ஒட்டும் பழைய தொழிலே அதில் கட்டளையாயிற்று.

1983இல் வெளிவந்த அப்பிள் நிறுவனத்தின் 'லிசா' கணினியும் இவ்வாறே சோதிக்கப்பட்டது. 'செய்க' எனப் பொருள்படும் 'டூ இற்' என்ற பொத்தானை ஒருவர் தொட மறுத்தார். இரு சொற்களும் நெருங்கி நின்றமையால், 'மடையன்' எனப் பொருள்படும் 'டோல்ற்' என அவர் வாசித்திருந்தார்! சினந்தவர் திருத்தப்படவில்லை, பொத்தானே 'ஓகே' என மாற்றப்பட்டது.

வல்லுநர் பொறியின் குறையைத் தம் திறமையால் மறைத்துவிடுவர். மனமின்றி அமரும் சாதாரணரே அதனை வெளிக்கொணர்வர். அவரது தடுமாற்றம் அறியாமையன்று. ஆக்கியோன் கற்கவேண்டிய பாடமாகும்.